கை நின்றுவிட்டது

"கை நின்றுவிட்டது" என்றார் ருபெலிந்தோ.
மழையில் ஊறிய கம்பளித் தொப்பியை
மடியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.
"பாருங்கள், விரல்கூட ஆடவில்லை.
தூங்குகிறாள். இல்லையா?"

நான் எடெல்மிராவின் தலையில்
கடைசி மின்முனையை ஒட்டிக்கொண்டிருந்தேன்.
பசை குளிர்ந்திருந்தது. முடியில் மீன்வாடை.
வால்டிவியாவின் ஆற்றங்கரைச் சந்தையில்
நாற்பது வருடம் மெர்லுசா அரிந்தவர்.
முதுகுக்குப் பின்னே கடல்சிங்கங்கள்
தலைக்கும் குடலுக்கும் குரைத்தபடி இருக்கும்.

திரையைப் போட்டேன்.

உடம்பு கரையில் கிடந்தது.
மண்டைக்குள் கடல்.
கூர்முனை, கூர்முனை, அலை.
கூர்முனை, கூர்முனை, அலை.
இடப்பக்கம் எழுந்து வலப்பக்கம் தாவி
மறுபடி இடம்.
கை நின்றது உண்மைதான்.
கைக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

டாக்டர் கத்ரிலேயோ கேட்டுக்கொண்டே எழுதினார்.
காய்ச்சல் உண்டா? இல்லை.
குடி? பண்டிகைக்கு ஒரு கிளாஸ்.
பக்கவாதம்? இல்லை.
சோடியம் சரி. சர்க்கரை சரி.
முன்பு வலிப்பு உண்டா?
ருபெலிந்தோ தொப்பியைப் பார்த்தார்.

"மாத்திரை இருந்தது. நாளைக்கு இரண்டு.
குளிர்காலத்தில் படகுகள் வெறுமனே வந்தன.
ஜூலையிலிருந்து பாதியாக வெட்டினாள்.
மீன்கத்தியால்.
நேராகத்தான் வெட்டுவாள் டாக்டர்."

விசித்திரமான அட்டவணை அது.
பழைய வலிப்பு இருந்தால் நல்லது என்கிறது.
தெரிந்த நோய் வீட்டுக்கு வழி தெரிந்த நோய்.
ஒன்றுமில்லாத மூளையில் திடீரென மூண்டால்தான்
அது கூடுதலாக அஞ்சுகிறது.
அறுபத்தைந்து வயதை ஒரு வாசலாக வைத்திருக்கிறது.
எடெல்மிராவுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.
அந்தக் கட்டத்தில் டாக்டர் பூச்சியம் போட்டார்,
பேனாவைக் கொஞ்சம் அழுத்தி.

அட்டவணையில் இல்லாத கட்டம் ஒன்று:
சமையலறைத் தரையில் எவ்வளவு நேரம்?
சந்தையிலிருந்து அவர் திரும்பியது ஆறு மணிக்கு.
அடுப்பில் கெட்டில் வற்றி, அடி சிவந்திருந்தது.
ஒரு கெட்டில் வற்ற எவ்வளவு நேரமாகும்
என்று டாக்டர் என்னைக் கேட்டார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

முதல் மருந்து அலையைத் தொட்டது.
இரண்டாவது அதோடு பேசிப் பார்த்தது.
நள்ளிரவு தாண்டி மயக்க மருந்து.
வென்டிலேட்டர் மூச்சைக் கையிலெடுத்தது.
திரை சமமாயிற்று: நேர்கோடு, நேர்கோடு,
நடுவில் ஒரு துடிப்பு, மறுபடி நேர்கோடு.

ருபெலிந்தோ எழுந்துவிட்டார்.
"போய்விட்டாளா?"
"இல்லை. நாங்கள்தான் அணைத்திருக்கிறோம்."
"திரும்பக் கொளுத்துவீர்கள்தானே?"
"கொளுத்துவோம்."
எந்த விளக்கு பற்றும், எது பற்றாது
என்பதை நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் மருந்தைக் குறைத்தோம். கடல் திரும்பியது.
மறுபடி அணைத்தோம்.
நுரையீரலில் சளி கட்டியது. காய்ச்சல் வந்தது,
கேட்டபோது வராத அதே காய்ச்சல்.
பக்கத்துப் படுக்கையில் பத்தொன்பது வயதுப் பையன்,
மூளைக்காய்ச்சல்; அவன் திரையை
வியாழக்கிழமை கழற்றினேன்.
அதைப் பற்றி வேறு எழுத முடியவில்லை.

ஆறாம் நாள் அலைகள் வந்தன.
மந்தமாக, கோணலாக,
குடித்தவன் கையெழுத்துப் போல.
ஆனால் அவருடையவை.

அறுபத்தைந்து முடிந்த காலை
எடெல்மிரா கண் திறந்து
கணவர் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு
"மூவாயிரம்" என்றார்.

வசந்தத்தில் சந்தைப் பக்கம் போனேன்.
ருபெலிந்தோ அரிந்துகொண்டிருந்தார். துண்டுகள் கோணல்.
பக்கத்தில் நாற்காலியில் எடெல்மிரா.
மீன்களின் பெயர்கள் எல்லாம் போய்விட்டனவாம்,
எல்லாமே "அது".
விலைகள் மட்டும் ஒரு பெசோ பிசகவில்லை.
இடக்கையால் ஒரு தலையைப் பின்னால் வீசினார்;
கடல்சிங்கம் பிடித்தது.
பெட்டியில் மாத்திரைகள் முழுசாக இருந்தன.

வலக்கை மடியில் கிடந்தது,
அசையாமல்.
மீன் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அசையாத கையை நம்ப
எனக்கு இன்னும் பழகவில்லை.